‘யூஸ்டு டு’வை எப்போது, எப்படிப் பயன்படுத்துவது?

“ஐ யூஸ்டு டு வாக் எவ்ரி டே” என்று ஒருவர் சொன்னால், அவர் இப்போது நடப்பதில்லை என்றுதான் ஆங்கிலம் பேசுபவர்கள் எடுத்துக்கொள்வார்கள். நம்மில் பலரோ இன்றும் தினமும் நடப்பதைச் சொல்லவே இந்த வாக்கியத்தைப் பயன்படுத்துகிறோம். வேலைக்கான நேர்காணலில் “ஐ யூஸ்டு டு ரீட் டெக்னிக்கல் புக்ஸ்” என்கிறவர், தம் நல்ல பழக்கத்தைக் கைவிட்டுவிட்டதாகத் தம் வாயாலேயே சொல்லிவிடுகிறார். சொன்னவருக்கு அது தெரிவதில்லை. கேட்டவரும் திருத்துவதில்லை. இலக்கணப் பிழை என்றால் யாராவது சுட்டிக்காட்டக்கூடும்; இங்கே வாக்கியம் சரியாகவே இருக்கிறது, பொருள்தான் மாறிவிடுகிறது. அதனால்தான் இதைத் தனியாக எழுதுகிறேன்.

முதல் படி: ‘யூஸ்டு’வுக்கு முன்னால் என்ன இருக்கிறது என்று பாருங்கள்

முன்னால் ஐ, ஷி, தே போன்ற எழுவாய் மட்டும் இருந்தால் அது பழைய வழக்கம். ஆம், இஸ், ஆர், வாஸ் ஆகியவற்றில் ஒன்று இருந்தால் பழகிப்போன நிலை. கெட், காட், கெட்டிங் இருந்தால் பழகிக்கொள்ளும் போக்கு. இந்த மூன்றையும் பிரித்துப் பார்க்கத் தெரிந்துவிட்டால் பாதி வேலை முடிந்தது.

இரண்டாம் படி: பழைய வழக்கம்

வடிவம் எளிது. ‘யூஸ்டு டு’வுக்குப் பிறகு வினையின் மூல வடிவம் வரும். “ஷி யூஸ்டு டு ஸ்மோக்” என்றால் முன்பு புகைபிடித்தார், இப்போது இல்லை. “தேர் யூஸ்டு டு பி எ ட்ரீ ஹியர்” என்றால் இங்கே ஒரு மரம் இருந்தது, இப்போது இல்லை.

எனக்கு நெடுநாள் தெளியாமல் இருந்த இடம் இதற்கு அடுத்தது: இன்றைய வழக்கத்தை எப்படிச் சொல்வது? தமிழில் “அப்போதெல்லாம் காலையில் நடப்பேன்” என்கிறோம். “இப்போதெல்லாம் காலையில் நடப்பேன்” என்றும் சொல்கிறோம். ‘நடப்பேன்’ என்ற ஒரே வடிவம் இரண்டு காலத்து வழக்கத்தையும் தாங்குகிறது. அந்தப் பழக்கத்தில் ஆங்கிலத்திலும் இரண்டுக்கும் பொதுவாக ஒரு வடிவத்தைத் தேடுகிறோம். ‘யூஸ்டு டு’ கைக்கு அகப்படுகிறது. ஆனால் அது கடந்த காலத்துக்கு மட்டுமே உரியது. இன்றைய வழக்கத்துக்கு ஆங்கிலத்தில் தனி வால் எதுவும் வேண்டாம். “ஐ வாக் எவ்ரி டே” போதும். அழுத்தம் வேண்டுமானால் ‘யூஷுவலி’யைச் சேர்த்து “ஐ யூஷுவலி வாக் இன் த மார்னிங்” என்று சொல்லலாம். வெறும் ‘வாக்’ ஏதோ குறைவது போலத் தோன்றும். எதுவும் குறையவில்லை, தைரியமாக அப்படியே சொல்லுங்கள்.

ஷேக்ஸ்பியர் காலத்து ஆங்கிலத்தில் இதே வினை நிகழ்கால வழக்கத்துக்கும் வழங்கியது. பிறகு அந்த நிகழ்கால வடிவம் வழக்கொழிந்து, கடந்த கால வடிவம் மட்டும் நிலைத்தது. எனவே நாம் தேடும் வடிவம் ஒரு காலத்தில் உண்மையாகவே இருந்தது. இன்று அதை அந்தப் பொருளில் எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

சோதிக்க ஒரு வழி: வாக்கியத்தின் கடைசியில் “பட் நாட் எனிமோர்” என்று மனதுக்குள் சேர்த்துப் பாருங்கள். நீங்கள் சொல்ல வந்ததோடு அது ஒட்டினால் ‘யூஸ்டு டு’ சரி. முரண்பட்டால் எடுத்துவிடுங்கள்.

இன்னொரு கட்டுப்பாடும் உண்டு. எத்தனை முறை, எவ்வளவு காலம் என்று கணக்குச் சொல்லும் இடத்தில் இது வராது. “ஐ யூஸ்டு டு லிவ் தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்பது தவறு. “ஐ லிவ்டு தேர் ஃபார் ஃபைவ் இயர்ஸ்” என்பதே சரி. ஒரே ஒரு முறை நடந்ததற்கும் இது பொருந்தாது.

மூன்றாம் படி: கேள்வியும் மறுப்பும்

“டிட் யூ யூஸ் டு பிளே செஸ்?”, “ஐ டிடன்ட் யூஸ் டு லைக் இட்.” டிட் வந்துவிட்டால் எழுதும்போது ‘யூஸ்டு’வின் இறுதி டி போய்விடும் என்பது பாடநூல் விதி. பேசும்போது அந்த டி அடுத்த ‘டு’வோடு கலந்துவிடுவதால் இரண்டும் ஒரே மாதிரி ஒலிக்கும். அதனால் ஆங்கிலத்தைத் தாய்மொழியாகக் கொண்டவர்களும் டியை விடாமல் எழுதிவிடுவதுண்டு. எங்காவது அப்படிப் பார்த்தால் குழம்ப வேண்டாம். நீங்கள் டி இல்லாமலே எழுதுங்கள். மறுப்புக்கு “ஐ நெவர் யூஸ்டு டு லைக் இட்” என்பது எனக்கு மிகவும் பிடித்த வழி. ஐயத்துக்கே இடமில்லை.

நான்காம் படி: பழகிப்போன நிலை

“ஐ ஆம் யூஸ்டு டு த நாய்ஸ்” என்றால் அந்த இரைச்சல் எனக்குப் பழகிவிட்டது. இங்கே காலம் முக்கியமில்லை, பழக்கம்தான் முக்கியம். இந்த ‘டு’ வினையோடு சேர்ந்த டு அன்று, பெயர்ச்சொல்லைக் கேட்கும் முன்னிடைச்சொல். ஆகவே பின்னால் வினை வந்தால் ஐஎன்ஜி வடிவம் எடுக்க வேண்டும்: “ஐ ஆம் யூஸ்டு டு வொர்க்கிங் அட் நைட்.” ‘டு’வுக்குப் பின் ஐஎன்ஜி வருவது காதுக்கு உறுத்தும். கடிதங்களின் முடிவில் வரும் “லுக்கிங் ஃபார்வர்டு டு ஹியரிங் ஃப்ரம் யூ” என்பதை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டிலும் ஒரே வகை டு. ஐயம் வந்தால் பின்னால் ‘இட்’ போட்டுப் பாருங்கள். “ஐ ஆம் யூஸ்டு டு இட்” என்று வாக்கியம் நிற்குமானால் அங்கே ஐஎன்ஜிதான்.

ஐந்தாம் படி: பழகிக்கொள்ளுதல்

‘கெட்’ சேர்த்தால் பழக்கமில்லாதது பழக்கமாக மாறுவதைக் குறிக்கும். “யூ வில் கெட் யூஸ்டு டு இட்”, அதாவது போகப் போகப் பழகிவிடும். அன்றாடப் பேச்சில் புதிதாக வேலைக்கு வந்தவரிடம் சொல்லும் ஆறுதல் வாக்கியம் இதுதான். மற்ற விதியெல்லாம் நான்காம் படியில் உள்ளதே.

பழக எவை உதவும்?

மொழிபெயர்ப்புச் செயலியை இதற்கு நம்ப வேண்டாம். தனி வாக்கியமாக ‘நடப்பேன்’ என்று கொடுத்தால், எந்தக் காலத்து நடப்பேன் என்று அதற்கு எப்படித் தெரியும்? ஆங்கிலம் கற்பவர்களுக்கென்றே உள்ள ஆக்ஸ்ஃபோர்டு அகராதியின் இணையதளத்தைப் பாருங்கள். கடந்த கால வழக்கைக் காட்டும் ‘யூஸ்டு டு’வும், பழகிய என்ற பொருள் தரும் ‘யூஸ்டு’வும் அங்கே தனித்தனிப் பதிவுகளாக, ஒலியோடு இருக்கின்றன. தொடர்ச்சியான பேச்சில் கேட்க யூகிளிஷ் தளம் நல்லது. சொற்றொடரைத் தட்டினால் அது வரும் காணொலித் துண்டுகளை வரிசையாகக் காட்டும். இரண்டில் ஒன்றுதான் என்றால் நான் யூகிளிஷைத் தேர்ந்தெடுப்பேன். இது விதியைவிடக் காதால் பிடிபடும் விஷயம்.

பின்னர் சேர்த்தது: “எ நைஃப் இஸ் யூஸ்டு டு கட் பேப்பர்” என்பதில் இஸ் இருக்கிறதே, ஏன் ‘கட்டிங்’ வரவில்லை என்று படித்தவர்கள் கேட்டார்கள். நியாயமான கேள்வி. இது பழக்கத்தைப் பற்றிய வாக்கியமே அன்று. பயன்படுத்து என்ற வினையின் செயப்பாட்டு வடிவம். கத்தி காகிதத்தை வெட்டப் பயன்படுகிறது என்று பொருள். எழுத்தில் ஒன்றாகத் தெரியும் இவை ஒலியில் வேறுபடுகின்றன. தொண்டையில் விரலை வைத்துச் சொல்லிப் பாருங்கள். பயன்படுத்துதலைக் குறிக்கும் ‘யூஸ்டு’வில் நடு மெய் அதிரும். பழக்கத்தைக் குறிப்பதிலும் பழைய வழக்கத்தைக் குறிப்பதிலும் அந்த மெய் அதிராது, காற்றொலியாக மட்டும் வரும். ஒலி பிடிபடும் வரை பொருளைக் கொண்டு பிரியுங்கள்: ‘பயன்படுகிறது’ என்று பொருந்தினால் மூல வினை, ‘பழகிவிட்டது’ என்று பொருந்தினால் ஐஎன்ஜி.

இன்னொன்று: பழைய வழக்கத்துக்கு ‘வுட்’ போடலாமா என்றும் கேட்டிருந்தார்கள். செயல்களுக்குப் போடலாம். பழைய நாட்களை விவரிக்கும்போது முதல் வாக்கியத்தில் ‘யூஸ்டு டு’ வைத்துக் காலத்தை நிறுவிவிட்டு, அடுத்தடுத்த வாக்கியங்களில் ‘வுட்’டுக்கு மாறுவது ஆங்கிலத்தில் இயல்பு: “வீ யூஸ்டு டு மீட் எவ்ரி சண்டே. வீ வுட் டாக் ஃபார் அவர்ஸ்.” நிலையைக் குறிக்கும் வினைகளுக்கு மட்டும் இது ஆகாது. முன்பு என்னிடம் நாய் இருந்தது என்பதற்கு “ஐ யூஸ்டு டு ஹேவ் எ டாக்” என்றுதான் சொல்ல வேண்டும். அங்கே ‘வுட்’ போட்டால், ஏதோ ஒரு நிபந்தனை நிறைவேறினால் நாய் வளர்ப்பேன் என்பதாகப் பொருள் திரும்பிவிடும்.