இளஞ்சோளம், அரளி, நெய்வேலிக் காட்டாமணக்கு: மேய்ச்சலில் நஞ்சு ஏறாமல் பார்த்துக்கொள்வது எப்படி

மேயப்போன மாடு மாலையில் காட்டில் செத்துக் கிடந்தால், பாம்பு கடித்துவிட்டது என்று முடிவுகட்டிவிடுவது வழக்கம். கோடை மழை பெய்து சில நாளாகி, பக்கத்தில் சோளக்காடும் இருந்தால், முதலில் சோளத்தின் மேல்தான் சந்தேகம் வரவேண்டும்.

சோளப்பயிரில் துரின் என்ற பொருள் இருக்கிறது. இலை நசுங்கும்போது அதிலிருந்து ஹைட்ரோசயனிக் அமிலம், அதாவது சயனைடு, பிரிகிறது. பெருவயிற்றில் இருக்கும் நுண்ணுயிர்கள் இதை இன்னும் வேகப்படுத்துவதால் அசைபோடும் கால்நடைகளுக்கே ஆபத்து அதிகம். சயனைடு கலந்தபின் ரத்தத்தில் ஆக்சிஜன் இருக்கும். உடம்பின் திசுக்களால்தான் அதைப் பயன்படுத்த முடியாது.

உடல் எடையில் கிலோவுக்குச் சுமார் 2 மில்லிகிராம் சயனைடு உயிரைப் பறிக்கும். ஒரு கிலோ பச்சைத்தட்டில் 200 மில்லிகிராம் இருந்தாலே அது ஆபத்தான தீவனம். கணக்குப் போட்டுப் பாருங்கள்: 300 கிலோ மாட்டுக்கு 3 கிலோ போதும். பசியோடு இருக்கும் மாடு அதைச் சில நிமிடங்களில் மேய்ந்துவிடும். அதே அளவை நாள் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றால் ஈரல் நஞ்சை முறித்துவிடும். அதனால் எவ்வளவு தின்றது என்பதோடு எவ்வளவு வேகமாகத் தின்றது என்பதையும் பார்க்கவேண்டும்.

பயிர் எப்போது நஞ்சாக இருக்கும்? முளைத்து முழங்கால் உயரம் வரை மிகவும் மோசம். மழையில்லாமல் வளர்ச்சி நின்று, இலை சுருண்ட பயிரும் அப்படித்தான். எல்லாவற்றிலும் ஏமாற்றுவது அறுத்த கட்டையில் வெடிக்கும் துளிர். தட்டு அறுத்தாகிவிட்டது, இனி காடு சும்மா கிடக்கிறது என்று மாட்டை அவிழ்த்து விடுகிறோம். கோடை மழைக்குக் கட்டையெல்லாம் பச்சைக்குருத்து விட்டிருக்கும், மாடும் அதைத்தான் தேடித் தேடிக் கடிக்கும். தண்டைவிட இலையிலும், முதிர்ந்த இலையைவிடக் குருத்திலும் நஞ்சு அதிகம். யூரியா கூடுதலாகப் போட்ட காட்டில் இன்னும் கூடும்.

தவிர்க்கும் முறை கடினமல்ல. பூ எடுத்து, பாதிக் கதிராவது வெளிவந்த பிறகே பச்சையாக அறுத்துப் போடுங்கள். கோ (எஃப்எஸ்) 29 போன்ற, அறுத்த கட்டையிலிருந்தே திரும்பத் தழைக்கும் மறுதாம்புத் தீவனச்சோள ரகத்துக்கு முதல் அறுப்பு விதைத்த 65 நாளில், பிறகு 50 நாளுக்கு ஒருமுறை. தீவனத்துக்குத் தட்டுப்பாடு என்று முந்தி அறுக்கக்கூடாது. வாடிய பயிரை வெட்டி ஒரு மணி நேரம் வைத்துப் போட்டால் சரியாகிவிடும் என்பது தவறு. அரைகுறையாக வாடியதில் நஞ்சு அப்படியே இருக்கும். இரண்டு மூன்று நாள் நல்ல வெயிலில், இலை கையில் நொறுங்கும் அளவு காயவேண்டும். குழியில் காற்றுப் புகாமல் மூடி ஊறுகாய்ப்புல்லாகப் (சைலேஜ்) பதப்படுத்தினாலும் குறையும். குழியைத் திறந்ததும் எடுத்துப் போடாமல் காற்றாட விட்டுப் போடுங்கள். சோளக்காட்டு வழியே மாட்டை ஓட்டிப்போக வேண்டியிருந்தால், கட்டுத்தறியிலேயே வைக்கோலோ உலர்ந்த தட்டோ வயிறு நிறையப் போட்டுவிட்டு ஓட்டுங்கள்.

அறிகுறி பெரும்பாலும் கால் மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். மூச்சு இரைக்கும், வாயில் நுரை தள்ளும், கால் தள்ளாடும், பிறகு விழுந்து வெட்டி இழுக்கும். ஈறையும் கண் இமையின் உள்பக்கத்தையும் புரட்டிப் பாருங்கள். தொடக்கத்தில் பளிச்சென்ற செந்நிறமாக இருந்தால் சயனைடு. பழுப்பேறி, ரத்தம் சாக்லேட் நிறத்தில் இருந்தால் அது நைட்ரேட் நஞ்சு. யூரியா அதிகம் போட்ட கம்பு நேப்பியர் தீவனப்புல்லிலும் சோளத்திலும் வரும், காயவைத்தாலும் போகாது. இந்த வேறுபாடு மருந்தையே மாற்றிவிடும். சயனைடுக்குச் சோடியம் நைட்ரைட்டும் சோடியம் தயோசல்பேட்டும் ரத்தக்குழாயில் ஏற்றுவார்கள். நைட்ரேட் நஞ்சுக்கு மெத்திலீன் புளூ. அந்த மாட்டுக்கு நைட்ரைட் ஏற்றினால் நிலைமை மோசமாகும். எனவே கால்நடை ஆம்புலன்ஸ் எண் 1962-க்கோ கால்நடை மருத்துவருக்கோ பேசும்போது என்ன மேய்ந்தது, எத்தனை மணிக்கு, அந்தக் காட்டுக்கு யூரியா எப்போது போட்டது, ஈறு என்ன நிறம் என்று நான்கையும் சொல்லிவிடுங்கள். கூட மேய்ந்த மாடுகளை உடனே வெளியே ஓட்டி, நிழலில் அலைக்காமல் கட்டுங்கள். மூச்சிரைக்கும் மாட்டின் வாயில் எண்ணெய், புளித்தண்ணீர் எதையும் ஊற்றாதீர்கள். நுரையீரலுக்குள் போய் அதுவே கொன்றுவிடும்.

செத்துவிட்டால் அவசரப்பட்டுப் புதைக்கவேண்டாம். பிரேதப் பரிசோதனை செய்தால்தான் காரணம் தெரியும், காப்பீட்டுக்கும் அது தேவை. பெருவயிற்றுத் தீவனத்தைக் காற்றுப் புகாத பாட்டிலில் அடைத்துப் பனிக்கட்டியில் வைத்து அனுப்பச் சொல்லுங்கள். திறந்து வைத்தால் சயனைடு ஆவியாகிப் போய்விடும், ஆய்வில் ஒன்றும் அகப்படாது.

மரவள்ளி இலையும் கிழங்குத்தோலும் இதே சயனைடு வகைதான். சேலம், நாமக்கல் பக்கம் கிழங்கு பிடுங்கும் நாளில் குவியல்களை ஆடு எட்டாத இடத்தில் போடுங்கள். நறுக்கி நன்றாகக் காயவைத்த இலையை அளவாகக் கொடுக்கலாம்.

அரளி வேறு ரகம், இதயத்தைத் தாக்குவது. பத்து இருபது இலை ஒரு பெரிய மாட்டைக் கொல்லும். நின்ற செடியைக் கசப்பினால் மாடு தொடாது. வெட்டிப்போட்ட கிளைதான் எமன். காய்ந்த பின்னும் நஞ்சு குறையாது, கசப்பு மட்டும் மட்டுப்படும். நான்கு வழிச்சாலை நடுத்திட்டில் அரளி கழித்துப் போட்டிருக்கும் நாள்களில் அந்த ஓரமே மாட்டை ஓட்டாதீர்கள். அந்தக் குப்பையைப் புல்லோடு அள்ளி வருவதும் கூடாது.

உண்ணிச்செடி மலையடிவார மேய்ச்சலில் வரும் தொல்லை. ஈரலைக் கெடுத்துக் காமாலை உண்டாக்கும், சாணம் இறுகும், வெயில் பட்டால் முடியில்லாத, வெள்ளைத் தோல் உள்ள இடங்கள் வெந்து உரியும். மாட்டை முழு நிழலில் கட்டிவைத்து மருத்துவரை அழையுங்கள்.

ஏரி, வாய்க்கால் கரைகளில் ஊதாப் பூவோடு மண்டிக் கிடக்கும் நெய்வேலிக் காட்டாமணக்கு ஒரே நாளில் கொல்வதில்லை. வறட்சியில் வேறு பச்சை இல்லாதபோது ஆடு அதைக் கடிக்கத் தொடங்கும். வாரக்கணக்கில் தின்றபின் இளைத்து, தலை நடுங்கி, பின்னங்கால் தள்ளாடும். நரம்பு கெட்டபின் மருந்தில்லை. ருசி கண்ட ஆடு மற்ற தழையை விட்டு அதையே தேடிப் போகும் என்பதால், முதல் நடுக்கம் தெரிந்ததும் பட்டியை அந்தக் கரையிலிருந்து மாற்றி, வேலம்நெற்றும் அகத்தியும் கட்டிப் பிழைக்கவைக்கப் பாருங்கள்.