டூசான் ஷோல ஃபாசில் வாங்கப் போறீங்களா, பட்டி எது கல்லு எதுன்னு பாத்து வாங்குங்க

நமக்கு ஊரு குப்பம். ஆந்திராதான், ஆனா இந்தப் பக்கம் போனா கிருஷ்ணகிரி, அந்தப் பக்கம் போனா கர்நாடகா, வீட்ல தமிழ், கடைல தெலுங்கு. அப்பா காலத்துல இருந்து கிரானைட் பாலிஷிங் யூனிட், அதனால கல்லுல எங்க கிராக் இருக்கு, எங்க எபாக்ஸி பசை அடிச்சிருக்குன்னு பாத்துப் பாத்துப் பழகுன கண்ணு. தம்பி அமெரிக்காவுல அரிசோனால சான்ட்லர்ல வேலைல இருக்கான், அவனைப் பாக்க ரெண்டு தடவை பிப்ரவரில போனேன், ரெண்டு தடவையும் அங்க இருந்து கார்ல ரெண்டு மணி நேரத்துக்குள்ள டூசான்ல நடக்குற கல்லு, ஃபாசில் (கல்லாப் போன பழங்கால உயிரு) சந்தைக்குப் போயாச்சு. நம்ம பக்கத்துப் பசங்க நிறைய பேரு இப்போ அந்த ஏரியால இருக்காங்க, வருஷா வருஷம் யாராவது கேக்குறாங்க, அதனால தெரிஞ்சதை முழுசா எழுதிடறேன்.

டூசான் ஷோன்னா ஒரே மண்டபம்னு நினைச்சுட்டுப் போகாதீங்க. 1955ல ஒரு ஸ்கூல்ல ஆரம்பிச்சது, இப்போ ஜனவரி கடைசில இருந்து பிப்ரவரி பாதி வரைக்கும் ஊரு முழுக்க நாப்பது இடத்துக்கு மேல ஒரே நேரத்துல நடக்குது. கன்வென்ஷன் சென்டர்ல நடக்குறதுதான் மெயின் ஷோ, அது பிப்ரவரி ரெண்டாவது வாரத்துல நாலு நாள்தான், டிக்கெட் உண்டு, மியூசியம் பீஸ் எல்லாம் கண்ணாடிப் பொட்டிக்குள்ள பாக்கலாம். ஆனா ஃபாசில் வாங்கணும்னா அதுக்கு முன்னாடியே போயி ஹைவே ஓரமா போட்டிருக்க டென்ட்டு, ஹோட்டல் ரூமு எல்லாம் சுத்தணும். ஹோட்டல் ரூம்ல கட்டிலைத் தூக்கி வெளிய போட்டுட்டு டேபிள் போட்டு கடை வெச்சிருப்பாங்க, கதவு தொறந்திருந்தா உள்ள போகலாம், பெரும்பாலும் என்ட்ரி ஃப்ரீ. சில இடம் மட்டும் ஹோல்சேல்காரங்களுக்கு, அங்க லைசென்ஸ் கேப்பாங்க, அதை விட்டுருங்க.

முதல் நாள் எதுவும் வாங்காதீங்க, இதை நான் ரொம்ப அழுத்திச் சொல்றேன். ஒரே மாதிரி பீஸ் பத்துக் கடைல இருக்கும், ரேட்டு மட்டும் வேற வேறயா இருக்கும். நோட்டுல கடை, பீஸ், ரேட் எழுதிக்கிட்டே நடங்க. கையில ஒரு 10எக்ஸ் லென்ஸ், 365 நானோமீட்டர் யூவி டார்ச், சின்ன தண்ணி ஸ்ப்ரே பாட்டில், இது மூணு போதும். தண்ணி எதுக்குன்னு அடுத்தது சொல்றேன்.

முதல் தடவை போனப்போ ஒரு டென்ட்ல மொராக்கோ ட்ரைலோபைட் ஒண்ணு வாங்குனேன். ட்ரைலோபைட்னா மரவட்டை மாதிரி முதுகு அடுக்கு அடுக்கா இருக்கும், பழைய கடல்ல வாழ்ந்தது, கடைசி இனமும் அழிஞ்சு 25 கோடி வருஷம் ஆச்சு. கருப்பா, உள்ளங்கை நீளம், முள்ளு முள்ளா நிமிந்து நிக்குது, பாத்த உடனே மனசு போயிருச்சு. வித்தவரு ஒரிஜினல்னு அடிச்சுச் சொன்னாரு, நான் வேற எதுவும் கேக்கல. ஊருக்குக் கொண்டு வந்து யூனிட்ல காட்டுனேன், எங்க பெரிய மேஸ்திரி, அப்பா காலத்து ஆளு, வாங்கித் திருப்பித் திருப்பிப் பாத்துட்டு ஸ்லாப் மேல ஊத்துற மாதிரியே ஒரு கை தண்ணிய எடுத்து ஊத்துனாரு. சுத்தி இருந்த கல்லு தண்ணியக் குடிச்சு உடனே கருத்துப் போச்சு. பூச்சி முதுகு மேல மட்டும் தண்ணி முத்து முத்தா நின்னுச்சு, நிறம் மாறவே இல்ல. அதுவும் முழு முதுகுல இல்ல, வால் பக்கம் ரெண்டு அடுக்கு தண்ணிய இழுத்துச்சு, மிச்சம் இழுக்கல. "தம்பி, இதுல பாதிக்கு மேல பட்டிப்பா"ன்னாரு. கார்ல நசுங்குன இடத்தைத் தட்டி எடுத்து பட்டி பாத்து பெயிண்ட் அடிப்பாங்களே, அதே வேலை. வால் மட்டும் உண்மை, தலையும் முள்ளும் செஞ்சு ஒட்டுனது. காசு போனது கூடப் பரவாயில்ல, கோடிக்கணக்கான வருஷம் பூமிக்குள்ள பத்திரமா இருந்த ஒரு உயிரை இப்படிப் பண்ணிட்டாங்களேன்னுதான் எனக்கு ரொம்ப நாள் ஆறல.

அதனால கடைல கேட்டுட்டு, அவரு சரின்னா மட்டும், ஓரத்துல ரெண்டு சொட்டு தண்ணி ஸ்ப்ரே பண்ணிப் பாருங்க. மேல வார்னிஷ் மாதிரி லேக்கர் பூசியிருந்தா உண்மையான கல்லும் தண்ணி குடிக்காது, அதனால இதை மட்டும் வெச்சு முடிவு பண்ணக் கூடாது, யூவி டார்ச்சும் அடிங்க, பசையும் ரெசினும் நிறைய சமயம் நீல வெள்ளையா மின்னும், பக்கத்துக் கல்லு மின்னாது. சுண்ணாம்புக் கல்லுல இருக்குற கால்சைட்ங்கிற கனிமம் பல சமயம் தானாவே மின்னும், அதுவும் நினைவுல இருக்கட்டும். லென்ஸ்ல பாத்தா குட்டிக் குட்டியா காத்துக் குமிழி ஓட்டை தெரிஞ்சா அது ஊத்துனது. ஒரே கடைல ஒரே பூச்சி, ஒரே வளைவு, ஒரே இடத்துல ஒரே கீறலோட நாலு இருந்தா அச்சுல எடுத்ததுன்னு சொல்லவே வேண்டாம்.

நல்ல ட்ரைலோபைட்டுக்கு நான் முதல்ல பாக்குறது வெடிப்பு. கல்லை உடைச்சாதான் உள்ள பூச்சி இருக்கறதே தெரியும், அப்போ பூச்சியும் சேந்து உடைஞ்சிருக்கும், அப்புறம் ஒட்டியிருப்பாங்க. அந்த ஒட்டுன கோடு தாய்க்கல்லுல ஆரம்பிச்சு பூச்சி முதுகு மேல ஏறி அந்தப் பக்கம் கல்லுல இறங்கணும். வெள்ளை நரம்பு ஓடுனாலும் அதே மாதிரிதான். கோடு பூச்சி கிட்ட வந்து நின்னுட்டா சந்தேகப்படுங்க. ரெண்டாவது கண்ணு. ஃபேகாப்ஸ், ட்ரோடாப்ஸ் மாதிரி இனத்துக்கு கண்ணுல லென்ஸ் வரிசையா, கம்பங்கதிர்ல மணி அடுக்குன மாதிரி தெளிவா நிக்கும், செஞ்சதுல அது மழுங்கலா ஒரு மேடு மாதிரி இருக்கும்.

வித்தவங்க எல்லாரும் ஏமாத்துறவங்கன்னு நான் சொல்லல, அது பெரிய பாவம். ரிப்பேர்னா உடைஞ்ச அதே துண்டை ஒட்டுறது, அது தப்பே இல்ல. ரெஸ்டோரேஷன்னா இல்லாத பகுதிய செஞ்சு வெக்கிறது, கொஞ்சம் இருந்தா பரவாயில்ல, சொல்லி விக்கணும். காம்போசிட்னா நாலு உயிரோட துண்டைச் சேத்து ஒண்ணாக்குறது, அதை நான் தொடவே மாட்டேன். இந்த மூணு வார்த்தையையும் சொல்லித் தனித்தனியா கேளுங்க, "ஒரிஜினலா"ன்னு மட்டும் கேட்டா பல்லு ஒண்ணு உண்மையா இருந்தாலே ஆமான்னு சொல்லிடுவாங்க. நல்ல வியாபாரி அவரே டார்ச் எடுத்து இங்க இங்க ஒட்டிருக்குன்னு காட்டுவாரு. முள்ளு ட்ரைலோபைட் ஒண்ண காத்து அழுத்தத்துல அதிர்ற சின்ன ஏர் பேனா வெச்சு லென்ஸ்ல பாத்துப் பாத்து கல்லுல இருந்து விடுவிக்க நாள் கணக்குல ஆகும், அந்த உழைப்புக்குதான் ரேட்டு, அதுல அடிச்சுப் பேரம் பேசாதீங்க.

மத்ததை வேகமா சொல்லிடறேன். மொராக்கோ பாஸ்பேட் சுரங்கத்துல இருந்து வர்ற மோசசார்ங்கிற பழங்காலக் கடல் ஊர்வனவோட பல்லு நிறைய கிடைக்கும், பெரும்பாலும் உண்மையானதுதான், பயப்படாம வாங்கலாம், ஆனா தாடையோட வர்றது பெரும்பாலும் மணலையும் பசையையும் குழைச்சு அதுல பல்லை நட்டது. எலும்புன்னா லென்ஸ்ல நுண்ணுளை தெரியணும். ஸ்பைனோசாரஸ்ங்கிற டைனோசார் பல்லுல நடுவுல மட்டும் மணல் ஒட்டியிருந்தா கீழ ஒரு ஜாயின்ட்டை மறைச்சிருக்காங்கன்னு அர்த்தம். ஆம்பர்னா பழங்கால மரப் பிசின் இறுகுனது, அதுன்னு விக்கிறதுல பிளாஸ்டிக்கும் உண்டு, கோபால்னு (copal) சொல்ற இன்னும் முத்தாத மரப் பிசினும் உண்டு, நல்லா உப்பு கரைச்ச தண்ணில ஆம்பர் மிதக்கும், பிளாஸ்டிக் பெரும்பாலும் முங்கும், ஆனா கோபாலும் மிதக்குமே, அதுக்கு அசிட்டோன் ஒரு சொட்டு வெச்சா பிசுபிசுக்கும். சைனாவுல இருந்து வர்ற கைச்சோசாரஸ்ங்கிற, பல்லி மாதிரி இருக்குற கடல் ஊர்வனவை நான் வாங்க வேண்டாம்னுதான் சொல்வேன், வரைஞ்சது செதுக்குனது அதிகம், அங்க இருந்து ஏற்றுமதிக்கும் தடை இருக்கு.

புதுசா ஆரம்பிக்கிறவங்களுக்கு நான் கை காட்டுறது மூணு. யூட்டா எல்ரேதியா ட்ரைலோபைட், கட்டை விரல் நகம் அளவு, சில டாலருக்கு முழுசா கிடைக்கும், அவ்ளோ மலிவா கிடைக்குறதை யாரும் உக்காந்து செஞ்சுட்டு இருக்க மாட்டாங்க. வயோமிங் கிரீன் ரிவர் மீனு, நைட்டியான்னு பேரு, 5 கோடி வருஷம், முள்ளு ஒவ்வொண்ணா எண்ணலாம், இதுல செதில் துடுப்பு பக்கம் பெயிண்ட் தொட்டிருக்கான்னு மட்டும் பாருங்க. அப்புறம் மடகாஸ்கர் அம்மோனைட், சுருள் ஓட்டுக்குள்ள வாழ்ந்த பழங்காலக் கடல் உயிரு, ரெண்டா அறுத்து பாலிஷ் போட்டது, உள்ள அறை அறையா கால்சைட் நிறைஞ்சிருக்கும். எங்க பாட்டி பூஜைல சாளக்கிராமம் வெச்சிருந்தாங்க, கண்டகி ஆத்துல வர்ற அதுவும் அம்மோனைட்தான்னு தெரிஞ்சப்போ எனக்கு உடம்பு சிலிர்த்துப் போச்சு. வீட்டுப் பெரியவங்களுக்கு வாங்கிட்டுப் போக இதை விட நல்லது இல்ல.

சட்டம் ரொம்ப முக்கியம். அமெரிக்காவுல தனியார் நிலத்துல எடுத்ததை விக்கலாம், அரசு நிலத்துல எடுத்த எலும்பு ஃபாசிலை விக்கக் கூடாது, 2009ல தனிச் சட்டமே இருக்கு. பிரேசில் ஃபாசில் 1942ல இருந்து அரசு சொத்து. மங்கோலியா டைனோசார் பக்கமே போகாதீங்க, நடிகர் நிக்கோலஸ் கேஜ் 2007ல ஏலத்துல 2,76,000 டாலருக்கு வாங்குன மண்டை ஓட்டை, திருட்டுப் பொருள்னு தெரிஞ்சு 2015ல திருப்பிக் குடுக்க ஒத்துக்க வேண்டியதாச்சு. மேமத்ங்கிற அழிஞ்சு போன ரோம யானையோட தந்தம் அழகா இருக்கும், அதுவும் வேண்டாம், நம்ம ஊர்ல தந்தம்னாலே பெரிய பிரச்சனை, ஏர்போர்ட்ல நின்னு இது இப்போ இருக்குற யானையோடது இல்லைன்னு நிரூபிக்க உங்களால முடியாது. நம்ம பக்கமும் அரியலூர்ல அம்மோனைட் இருக்கு, பெரம்பலூர் பக்கம் சாத்தனூர்ல 18 மீட்டர் நீளக் கல்மரம் இருக்கு, திருவக்கரைல ஒரு பூங்காவே இருக்கு, போயி மனசு நிறையப் பாருங்க, ஒரு சில்லு கூட எடுக்காதீங்க.

பணம் கேஷா வெச்சுக்கோங்க, ஒரே கடைல மூணு நாலு சேத்து வாங்குனா தானா குறைப்பாங்க. கடைசி நாள் ரேட் இறங்கும், ஆனா நல்ல பீஸ் அதுக்குள்ள போயிருக்கும், அதனால மனசுக்குப் பிடிச்சது ஒண்ணுன்னா காத்திருக்க வேண்டாம்.

பில்லுல எந்த நாடு, எந்த ஊரு, எந்தப் பாறை அடுக்கு, எவ்வளவு ரெஸ்டோரேஷன், எல்லாம் எழுதி வாங்குங்க. எழுத மாட்டேன்னா பீஸை வெச்சுட்டு நகருங்க. இடம் தெரியாத ஃபாசில் ஆராய்ச்சிக்கும் ஆகாது, நாளைக்கு வித்தாலும் விலை போகாது. ரூமுக்கு வந்த உடனே அடில சின்ன நம்பர் ஒட்டி, அதே நம்பரை நோட்டுல எழுதுங்க, ஊருக்கு வந்து பண்ணிக்கலாம்னா கண்டிப்பா மறந்துடும்.

பேக்கிங்குக்கு டாய்லெட் பேப்பர் சுத்தி அதுக்கு மேல பபிள் ரேப், அப்புறம் பழைய துணிக்கு நடுவுல, மெல்லிசான மீன் பலகைய பொட்டிக்குள்ள நிக்க வெக்கணும், படுக்க வெச்சா உடையும். பைரைட் மின்னுற தங்க நிற அம்மோனைட் வாங்குனீங்கன்னா தண்ணியே காட்டாதீங்க, நம்ம மழைக்கால ஈரத்துல வெள்ளையா பொடி விட்டு கந்தக வாசனை வரும், அப்புறம் காப்பாத்த முடியாது. டப்பால சிலிக்கா ஜெல் போட்டு இறுக்கி மூடி வைங்க, ஐப்பசி பொறந்ததும் ஜெல்லை மாத்துங்க.