சாட்சி சொல்லப் போய்ச் சங்கடம் தேடலாமா? கொழும்புக் கிறிஸ்தவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கொழும்பில் ஒரு கிறிஸ்தவரின் விசுவாசத்தைப் பற்றி அவருடைய போதகரைவிட மேல்மாடிக்காரருக்குத்தான் கூடத் தெரியும். வெள்ளவத்தை, பம்பலப்பிட்டித் தொடர்மாடிகளில் சுவரும் மெல்லியது, லிஃப்டும் ஒன்றுதான். காலையில் பிள்ளையை என்ன சொல்லி ஏசினார், செக்கியூரிட்டி ஐயாவோடு எப்படிக் கதைத்தார், மாதா மாதம் மெயின்டனன்ஸ் காசை ஒழுங்காகக் கட்டினாரா, எல்லாம் எல்லோருக்கும் தெரியும். ஞாயிறு காலை வேதாகமத்தோடு கீழே இறங்குபவரை அக்கம்பக்கத்தார் அந்தக் கணக்கையும் சேர்த்துத்தான் பார்க்கிறார்கள்.

2012 குடிசன மதிப்பீட்டின்படி இலங்கையில் கிறிஸ்தவர்கள், கத்தோலிக்கரையும் மற்றச் சபையாரையும் சேர்த்தால்கூட, நூற்றுக்கு எட்டுப் பேருக்கும் குறைவு. தமிழ்க் கிறிஸ்தவர் என்றால் சிறுபான்மைக்குள்ளும் சிறுபான்மை. இப்படியான நிலையில் இரண்டு பக்கமும் சறுக்கலாம். வம்பே வேண்டாமென்று விசுவாசத்தை வீட்டுக்குள் பூட்டிவைப்பது ஒன்று. சாட்சி சொல்கிறேன் என்று கண்டவரையெல்லாம் பிடித்து, நம்பச் சொல்லி உலுக்குவது மற்றது. நான் பார்த்தவரை இரண்டாவதுதான் கூடச் சேதம் செய்கிறது. ஆகவே அதைப் பற்றியே அதிகம் எழுதுகிறேன். கீழே வரும் ஒவ்வொரு தவறிலும் கேட்கவேண்டியது ஒரே கேள்வி: எதிரில் இருப்பவர் பயமில்லாமல் "வேண்டாம்" என்று சொல்லக்கூடிய இடத்தில் இருக்கிறாரா?

பொங்கல் கிண்ணம்

தைப்பொங்கலன்று எதிர்வீட்டு அன்டி வாழையிலைத் துண்டால் மூடிய கிண்ணத்தோடு வந்து நிற்கிறார். சர்க்கரைப் பொங்கல். மேலே கஜு, முந்திரிகைவற்றல், ஏலக்காய் மணம் கொரிடோர் முழுக்க. கதவைப் பாதி திறந்து, "படைச்சது நாங்கள் சாப்பிட மாட்டம்" என்று அந்த இடத்திலேயே வெட்டிச் சொல்லி அனுப்புகிறவர்கள் இருக்கிறார்கள். சிரித்துக்கொண்டு வாங்கி, அவர் திரும்பியதும் குப்பையில் கொட்டுகிறவர்களும் இருக்கிறார்கள். இரண்டாவதுதான் மோசம். தொடர்மாடிக் குப்பை எல்லாம் ஓரிடத்துக்குத்தான் போகிறது. அதைக் கூட்டி அள்ளுகிறவருக்கும் வாய் இருக்கிறது.

வேதாகமம் இதில் ஒற்றைவரிப் பதில் தருவதில்லை. கொரிந்தியருக்கு எழுதிய முதல் நிருபத்தின் 10ஆம் அதிகாரத்தில், அவிசுவாசி ஒருவர் விருந்துக்கு அழைத்தால் முன்னால் வைப்பதை எதுவும் விசாரிக்காமல் சாப்பிடுங்கள் என்கிறார் பவுல். "இது படைத்தது" என்று ஒருவர் சொன்னால், சொன்னவரின் மனச்சாட்சியை முன்னிட்டு விட்டுவிடுங்கள் என்பதும் அதே அதிகாரத்தில்தான் வருகிறது. சபைகளும் இதில் ஒரே மாதிரி இல்லை. கத்தோலிக்கக் கோயில்கள் பலவற்றில் பொங்கல் திருப்பலியே நடக்கிறது. பெந்தெகொஸ்தே வீடு ஒன்றில் அந்தக் கிண்ணம் பெரிய மனப்போராட்டம். இரண்டு பக்கத்தையும் நான் மதிக்கிறேன்.

சாப்பிடுவதில்லை என்று முடிவெடுத்திருந்தால் அதைப் பொங்கலன்று வாசலில் வைத்துச் சொல்லாதீர்கள். வேறொரு நாள், ஆறுதலாக இருக்கும்போது, "அன்டி, படைச்சதை நாங்கள் எடுக்கிறேல்லை, குறை நினையாதேங்கோ. படைக்க முதல் கொஞ்சம் எடுத்து வைச்சீங்கள் எண்டா ஆசையாச் சாப்பிடுவம்" என்று சொன்னால் முகம் சுளிக்கிற அன்டிமார் குறைவு. விரதம் எது, படையல் எது என்பதெல்லாம் அவர்களுக்குப் புதிதல்ல. மரக்கறி நாளை வைத்து வீட்டையே ஓட்டுகிறவர்கள். கிண்ணத்தை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கவேண்டாம் என்பதை நான் சொல்லவேண்டியதில்லை.

மறுபக்கத்தையும் பாருங்கள். நத்தாருக்கு நாங்கள் அனுப்பும் கேக்கில் முட்டை இருக்கிறது, பெரும்பாலும் பிராண்டியும் இருக்கிறது. டிசெம்பர் கடைசி திருவெம்பாவைக் காலத்தை ஒட்டி வரும். சைவ வீடுகள் பலவற்றில் அப்போது முட்டைகூட உள்ளே வராது. கீழ்மாடி முஸ்லிம் குடும்பத்துக்கு பிராண்டி கேக் போனால் அவர்களும் சிரித்துக்கொண்டே வாங்கி ஓரமாகத்தான் வைப்பார்கள். பழம் வாங்கிக் கொடுங்கள், அல்லது முட்டை போடாத கேக் ஒன்று செய்யுங்கள். அவரவர் விரதத்தை நினைத்துச் செய்த பலகாரம் எத்தனையோ சுவிசேஷக் கைப்பிரதியைவிடக் கதைக்கும்.

வீட்டில் வேலைக்கு நிற்பவர்

இதை எழுதத்தான் இந்தக் கட்டுரையையே தொடங்கினேன். ஹட்டன், மஸ்கெலியா பக்கத்திலிருந்து ஒரு பெண் கொழும்பு வீட்டுக்கு வேலைக்கு வருகிறார். இரவு எட்டு மணிக்குக் குடும்ப ஜெபம். "வந்து இரு பிள்ளை" என்கிறார் வீட்டு அம்மா. அவர் ஈரக் கையைச் சட்டையில் துடைத்துக்கொண்டு குசினி வாசலோரம் தரையில் உட்காருகிறார், கண்ணை மூடுகிறார். சில மாதத்தில் சபையில் சாட்சி நேரம் வரும்போது, "எங்கட வீட்டுப் பிள்ளையும் இப்ப ஜெபிக்கிறாள், ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்" என்று ஒலிவாங்கியில் கேட்கும்.

அந்தப் பிள்ளை வேண்டாமென்று சொல்லமுடியுமா? சம்பளம், தீபாவளி லீவு, ஊருக்குப் போக பஸ் காசு எல்லாம் இந்த அம்மாவின் கையில். அவர் கண்ணை மூடியது ஜெபிக்கவா, வேலையைக் காப்பாற்றவா என்று அம்மாவுக்கே தெரியாது. கூலியைப் பிடித்து வைப்பதைப் பற்றி யாக்கோபு 5ஆம் அதிகாரத்தின் 4ஆம் வசனம் சொல்வதை அந்தக் குடும்ப ஜெபத்திலேயே ஒருநாள் வாசித்துப் பார்க்கலாம். ஜெப நேரம் அவருக்கு ஓய்வு நேரம் என்று தெளிவாகச் சொல்லிவிடுங்கள். சம்பளத்தைச் சொன்ன தேதியில் கொடுங்கள். தீபாவளிக்குக் கேட்குமுன் லீவு கொடுங்கள். இத்தனைக்கும் பிறகு தானாக வந்து அமர்ந்தால் நல்லது. கதிரை ஒன்றைப் போடுங்கள், தரையில் வேண்டாம்.

ஒப்பிஸில் மேலதிகாரியாக இருப்பவருக்கும் இதே அளவுகோல்தான். சம்பள உயர்வுக் கடிதத்தில் கையெழுத்துப் போடுகிறவர் ஜெபக்கூட்டத்துக்கு அழைத்தால் அது அழைப்பாகக் கேட்காது.

உலருணவுப் பொதியும் கைப்பிரதியும்

2016 மே மாதம் களனி கங்கை பெருகி கொலன்னாவை, வெல்லம்பிட்டிப் பக்கம் மூழ்கியபோது சபைகள் ஓடிப்போய் உதவின. 2022இல் எரிவாயுவுக்கும் பெற்றோலுக்கும் வரிசையில் நின்ற காலத்திலும் சமைத்துக் கொடுத்தவர்கள் பலர். நல்ல வேலை. பிழை எங்கே வருகிறது என்றால், அரிசிப் பையோடு ஞாயிறு ஆராதனைக்குப் பெயர் பதியும்போது. பசித்தவர் பெயர் எழுதுவார். அடுத்த மாதம் பொதி நின்றால் ஆளும் வருவதை நிறுத்துவார்; "அரிசி குடுத்து மதம் மாத்துகினம்" என்று ஊர் சொல்லும் சொல் மட்டும் நிற்காது.

அந்தச் சொல் இந்த நாட்டில் சட்டமூலம் வரைக்கும் போயிருக்கிறது. 2004இல் பௌத்த பிக்குகளின் கட்சியான ஜாதிக ஹெல உறுமய கட்டாய மதமாற்றத்தைத் தடைசெய்ய ஒரு சட்டமூலம் கொண்டுவந்தது. அதன் சில வாசகங்கள் அரசியலமைப்புக்கு முரண் என்று உயர் நீதிமன்றம் சொன்னது, அது சட்டமாகவும் இல்லை. அதற்கு முந்திய வருடம் மென்சிங்கன் என்ற கத்தோலிக்கத் துறவறச் சபையின் அருட்சகோதரிகள் வழக்கில் அதே நீதிமன்றம், மதத்தைப் பின்பற்றவும் வெளிப்படுத்தவும் உரிமை உண்டு, பரப்புவது அரசியலமைப்பு காக்கும் அடிப்படை உரிமை அல்ல என்று தீர்மானித்தது. அந்த அருட்சகோதரிகளின் உரிமை மீறப்பட்டதாக ஐ.நா. மனித உரிமைக் குழு 2005இல் கூறியது. அரசியலமைப்பின் 10ஆம் உறுப்புரை சிந்தனை, மனச்சாட்சி, மதச் சுதந்திரத்தைத் தருகிறது. 14ஆம் உறுப்புரை வழிபடவும் அனுசரிக்கவும் போதிக்கவும் இடம் தருகிறது. இவற்றைத் தெரிந்து வைத்திருங்கள், பயப்படுவதற்காக அல்ல. பொதியையும் பிரசங்கத்தையும் ஒரே பையில் போடுவது சட்டம் இல்லாவிட்டாலும் பிழையே.

நிபந்தனையில்லாத உதவிக்கு உதாரணம் வேண்டுமென்றால் கோவாக் குரு புனித ஜோசப் வாஸைப் பாருங்கள். ஒல்லாந்தர் காலத்தில், கத்தோலிக்கக் குருக்களுக்குத் தடை இருந்தபோது, பிச்சைக்காரர் வேடத்தில் யாழ்ப்பாணம் வந்தவர். கண்டியில் ஒற்றர் என்று சிறைபிடிக்கப்பட்டார். 1697இல் அங்கே பெரியம்மை பரவி, சொந்தக்காரரே நோயாளரை விட்டு ஓடியபோது அவர்தான் பக்கத்தில் இருந்து பார்த்தார். 2015 ஜனவரியில் காலிமுகத்திடலில் பாப்பரசர் பிரான்சிஸ் அவரைப் புனிதராக அறிவித்தபோது அந்தத் திடலில் நின்ற எத்தனை பேர் இதை நினைத்தார்களோ.

நோயாளியின் கட்டில்

மஹரகம புற்றுநோய் வைத்தியசாலைக்கு ஆள் பார்க்கப் போகிறவர்கள் மூன்று வசனங்களை வாசலிலேயே விட்டுவிட்டுப் போகவேண்டும்: "எங்கயோ பாவம் இருக்கு", "விசுவாசம் காணாது", "மருந்தை விட்டுப்போட்டு ஜெபியுங்கோ". முதலாவதற்கு யோவான் 9இல் இயேசுவே பதில் சொல்லிவிட்டார்: பிறவிக் குருடனுக்கு அப்படி ஆனது அவன் பாவத்தாலும் அல்ல, பெற்றவர் பாவத்தாலும் அல்ல. நோயில் கிடந்த யோபுவின் நண்பர்கள் ஏழு நாள் வாய் திறக்காமல் கூட இருந்தார்கள். வாய் திறந்த பிறகுதான் கெடுத்தார்கள். இன்சுலினை நிறுத்தச் சொல்வது சாட்சி அல்ல, ஆபத்து. சுவிசேஷம் எழுதிய லூக்காவைப் பவுல் "பிரியமான வைத்தியன்" என்றே குறிப்பிடுகிறார்.

ஜெபிக்கலாமா என்று கேளுங்கள். "பிறகு பார்ப்பம்" என்றால் தோடம்பழத்தை உரித்துக் கொடுத்துவிட்டு கிரிக்கெட் கதையுங்கள்.

சத்தமும் போனும்

இதில் அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. இரவு முழுக்க ஜெபமென்றால் சவுண்ட் பொக்ஸை நிறுத்துங்கள்; பக்கத்து வீட்டுப் பிள்ளைக்கு உயர்தரப் பரீட்சை. தொடர்மாடி வாட்ஸ்அப் குழு தண்ணீர் மோட்டரைப் பற்றிக் கதைக்க உண்டாக்கியது, காலை ஐந்து மணி வசனத்துக்கு அல்ல. அப்படியும் அனுப்புவதென்றால் முழு அதிகாரத்தையும் வாசித்துவிட்டு அனுப்புங்கள். பூக்களின் மேல் எழுதி வரும், நல்ல எதிர்காலம் உண்டென்ற எரேமியா 29:11 பாபிலோனில் சிறைப்பட்டிருந்தவர்களுக்குப் போன கடிதம். எழுபது வருடம் பொறுக்கச் சொன்ன பிறகு வரும் வாக்கு அது. பின்கண்ணாடியில் "இயேசு ஜீவிக்கிறார்" ஒட்டிய ஓட்டோ மீட்டரைப் போடாமல் புறக்கோட்டையில் இருந்து வெள்ளவத்தைக்கு இரட்டிப்பாகக் கேட்டால் என்ன நடக்கும் என்று விளக்கத் தேவையில்லை.

கொச்சிக்கடையும் 2019உம்

செவ்வாய்க்கிழமை கொச்சிக்கடை புனித அந்தோனியார் திருத்தலத்துக்குப் போனால் பொட்டு வைத்தவரும் வெள்ளைச் சேலை உடுத்த சிங்கள அம்மாவும் மெழுகுதிரியோடு ஒரே வரிசையில் நிற்பார்கள். "கும்பிட மட்டும் வருவினம், மாறமாட்டினம்" என்று அவர்களைப் பார்த்து முணுமுணுப்பது தவறு. யாரும் இழுக்காமல் தாங்களாக வந்தவர்கள் அவர்கள்.

2019 ஏப்ரல் 21, உயிர்த்த ஞாயிறு. அந்தத் திருத்தலம், கட்டுவாப்பிட்டிய புனித செபஸ்தியார் ஆலயம், மட்டக்களப்பு சீயோன் தேவாலயம், கொழும்பு ஹோட்டல்கள் எல்லாவற்றிலும் குண்டு வெடித்து 250க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பழிவாங்காதீர்கள் என்று கர்தினால் மல்கம் ரஞ்சித் அப்போது கேட்டுக்கொண்டார். குண்டு வைத்தது ஒரு சிறு இஸ்லாமியத் தீவிரவாதக் குழு என்றாலும், அடுத்த மாதமே குளியாப்பிட்டி, மினுவாங்கொடையில் முஸ்லிம் கடைகள் எரிந்தன. தெமட்டகொடையில் பக்கத்துக் கடைக்கார நானாவிடம் பத்து வருடம் சாமான் வாங்கிவிட்டு அந்த மே மாதத்தோடு நிறுத்தியவர்கள் எங்களுக்குள்ளும் உண்டு. இன்னும் போகாதவர்கள் இந்த வாரமே போகலாம். பருப்பு எப்படியும் வாங்கத்தானே வேண்டும். "கடவுள் ஏன் கோயிலுக்குள்ளேயே விட்டார்?" என்று யாராவது கேட்டால், தெரியாது என்றே சொல்லுங்கள். முதலாம் பேதுரு 3:15 "விசாரித்துக் கேட்கிற" ஆட்களுக்கு "சாந்தத்தோடும் வணக்கத்தோடும்" பதில் சொல்லத் தயாராக இருக்கச் சொல்கிறது. எல்லாம் தெரிந்திருக்கவேண்டும் என்று அங்கே இல்லை.

அடுத்தவர் பிள்ளை

ரியூஷன் சொல்லிக் கொடுக்கும் அக்காமார், வாலிபர் கூட்டம் நடத்தும் அண்ணாமார் கவனிக்கவேண்டியது இது. பதினைந்து வயதுச் சைவப் பிள்ளை ஒன்று கிட்டார் பழக ஆசைப்பட்டு வருகிறது. வீட்டில் "குரூப் ஸ்டடி" என்று சொல்லிவிட்டு ஞாயிறு ஆராதனைக்கும் வருகிறது. ஒருவரும் பொய் சொல்லச் சொல்லவில்லை, உண்மை. ஆனால் தெரிந்தும் பேசாமல் இருந்தார்கள். தாய்க்கு ஒருநாள் போட்டோ ஒன்றில் தெரியவரும். அதன்பிறகு அந்த வீட்டில் கிறிஸ்தவர் என்றால் பிள்ளையைப் பொய் சொல்லப் பழக்கிய ஆட்கள்.

கூட்டத்துக்குச் சேர்க்குமுன் வீட்டுக்குப் போய்த் தாயையும் தகப்பனையும் சந்தியுங்கள். நாங்கள் சேர்ச்சில் இருந்து வருகிறோம், பாட்டும் இருக்கும் ஜெபமும் இருக்கும், கூட்டம் ஆறரைக்கு முடியும், நீங்களும் ஒருநாள் வந்து பின்னால் இருந்து பார்க்கலாம் என்று சொல்லுங்கள். "கிட்டார் மட்டும் படிக்கட்டும், ஜெபம் வேண்டாம்" என்று தகப்பன் சொன்னால் கிட்டார் மட்டும் சொல்லிக் கொடுங்கள்.