நீலகிரியில் 'அம்மா'வைக் கேட்டு எழுதுவது எப்படி

உறவுச் சொற்களைத் திரட்டப் போகிறவர்கள் பெரும்பாலும் "அம்மாவை எப்படிக் கூப்பிடுவீங்க?" என்றுதான் தொடங்குகிறார்கள். கேள்வியிலேயே விடை இருக்கிறது. நோட்டும் பேனாவுமாக வந்தவர் முன்னால் யாரும் "அம்மான்னுதான்" என்று முடித்துவிடுவார்கள். கோத்தகிரியிலும் கூடலூரிலும் ஒரே விடை வந்தால், கேட்ட விதத்தைத்தான் சந்தேகப்பட வேண்டும்.

சொல்லைச் சொல்லாமல் ஆளைக் காட்டிக் கேளுங்கள். ஒரு தாளில் வீட்டின் மூன்று தலைமுறையையும் வட்டம் போட்டுக் கோடிட்டு இணைத்துவிட்டு, "உங்களைப் பெத்தவங்க அடுப்படியில இருக்காங்க, நீங்க வாசல்ல நிக்கிறீங்க, கூப்பிடுங்க பாப்போம்" என்று சொல்லிப் பாருங்கள். வருகிற விடையை எழுத நோட்டில் மேலிருந்து கீழாக மூன்று பத்தி வேண்டும்: நேரில் கூப்பிடுவது, பிறரிடம் அவரைப் பற்றிச் சொல்வது, கெஞ்சலிலும் கோபத்திலும் வருவது. பக்கத்தில் இருந்தால் 'ம்மா', எட்ட இருந்தால் 'யம்மோவ்', பிறரிடம் 'எங்கம்மா'. 'என் அம்மா' பேச்சில் அரிது. சங்கத் தமிழ் என் தாயை யாய், உன் தாயை ஞாய், அவன் தாயைத் தாய் என்று பிரித்து வைத்திருந்தது. எங்கம்மா, உங்கம்மா, அவங்கம்மா என்று இன்றும் அதே வேலை நடக்கிறது. ஆகவே ஒட்டி வரும் முன்சொல்லை வெட்டிவிடாமல் எழுதுங்கள்.

மலையில் அதிகம் தவறு நடக்கும் இடம் 'அவ்வெ'. படுகர் வீட்டில் அவ்வெ தாய், பாட்டி ஹெத்தெ. அவர்கள் வழிபடும் ஹெத்தையம்மன் பெயரிலும் அந்த மூதாய்தான் இருக்கிறாள். கன்னடத்தில் அவ்வ தாய். நீலகிரிப் பழங்குடியினரான கோத்தரின் மொழியில் கடைசி உயிர் உதிர்ந்து 'அவ்' என்று நிற்கிறது. தெலுங்கு பேசும் வீட்டிலோ அவ்வா பாட்டி. எனவே சொல்லை எழுதுமுன் வட்டத்தைத் தொட்டுக் காட்டச் சொல்லுங்கள். 'அவ்வை' என்று திருத்தி எழுதவே கூடாது. படிப்பவர் ஔவையாரிடம் போய்விடுவார்.

மேட்டுப்பாளையம் வழியாக ஏறி வந்த குடும்பங்களில் ஆத்தா ஒரு வீட்டில் தாய், இன்னொன்றில் பாட்டி. ஆயாவும் அப்படித்தான், அங்கன்வாடி உதவியாளருக்கும் அதே பெயர். முஸ்லிம் வீடுகளில் உம்மா தாய். பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு அது முத்தம். ஒரு எச்சரிக்கை: நீங்களாக "உங்காத்தா" என்று கேட்டுவிடாதீர்கள். சண்டையில் வரும் சொல் அது. சொன்ன தொனி சரியாக இருந்தாலும் முகம் மாறிவிடும். சொல்லியே ஆக வேண்டிய இடத்தில் உங்கள் வாயில் 'அம்மா' மட்டும் இருக்கட்டும்.

கூட்டுக்குடும்பத்தில் குழந்தை பாட்டியை 'அம்மா' என்றும், பெற்றவளை 'அக்கா' என்றும் கூப்பிடுவதுண்டு. தாய் மாமன்கள் அழைப்பதைக் கேட்டுப் பழகியது. பிழை அல்ல, அப்படியே பதியுங்கள். எதிர்ப்பக்கமும் உண்டு: "வாம்மா", "என்ன தாயி" என்று தாயே மகளை அழைப்பாள். ஒலிப்பதிவில் வரும் எல்லா 'அம்மா'வையும் தாய்க் கணக்கில் சேர்த்தால் எண்ணிக்கை கெட்டுவிடும்.

பாட்டி, தாய், பிள்ளை மூவரையும் தனித்தனியே கேளுங்கள். சேர்த்து உட்கார வைத்தால் பிள்ளை 'மம்மி'யை விழுங்கிவிடும், பாட்டி பழைய சொல்லை மறைத்துவிடுவார். தேயிலைத் தோட்டக் குடியிருப்புகளில் பகலில் கொழுந்து பறிக்கப் போயிருப்பார்கள், ஞாயிறு நல்லது. தகரக் கூரையில் மழை விழும்போது பதிவு செய்யாதீர்கள், 'ம்மா'வின் நீட்டம் கேட்கவே கேட்காது. கூடலூர்ப் பக்கம் ஜூன் முதல் ஆகஸ்ட் வரையும், கோத்தகிரி, குன்னூர்ப் பக்கம் அக்டோபர், நவம்பரிலும் இதற்காகவே இரண்டாவது முறை போக நேரும்.

அந்த மூன்று பத்தியோடு கடைசியில் இன்னொன்றும் சேர்த்து, அதில் 'நீ'யா 'நீங்க'ளா என்று குறியுங்கள். அப்பாவுக்கு 'நீங்க', அம்மாவுக்கு 'நீ' என்று வைத்திருக்கும் வீடுகள் ஏராளம். அதை மரியாதைக் குறைவு என்று ஓரத்தில் எழுதிவிடாமல், அவர் எந்தச் சொல்லோடு சேர்த்து அதைச் சொன்னாரோ அந்த வாக்கியத்தை முழுதாக எழுதுங்கள்.