துபாயில் பிளாட் வாங்கும் முன்: பணம் போகிற இடங்கள்

சென்னை, கோவை நட்சத்திர ஹோட்டல்களில் சனி, ஞாயிறுகளில் துபாய் வீட்டுக் கண்காட்சி நடக்கிறது. கண்ணாடிப் பெட்டிக்குள் கட்டடத்தின் சின்ன மாதிரி, கையில் காபி, "மாதம் 1 சதவீதம் கட்டினால் போதும் சார்" என்ற பேச்சு. ஒரு மணி நேரத்தில் டோக்கன் கொடுத்துவிட்டு வெளியே வந்துவிடுகிறார்கள். ஊரில் அரை கிரவுண்டு வாங்குவதற்கே வில்லங்கம் போட்டு, மூலப்பத்திரம் கேட்டு, வக்கீலிடம் காட்டி மாதக்கணக்கில் அலைகிற அதே ஆட்கள்தான். கடல் தாண்டிய சொத்துக்கு அந்தக் கவனம் ஏனோ வருவதில்லை. இத்தனைக்கும் வாங்குபவரைக் காப்பாற்றும் சட்டம் துபாயில் நன்றாகவே இருக்கிறது. அதைச் சுற்றிக்கொண்டு போகும்போதுதான் பெரும்பாலும் பணம் போகிறது.

முதல் தவறு, பணத்தைத் தவறான கணக்கில் போடுவது. கட்டி முடியாத வீட்டுக்கு, அதாவது ஆஃப் பிளானுக்கு, நாம் கட்டும் பணம் அந்தத் திட்டத்துக்கென்றே திறக்கப்பட்ட எஸ்க்ரோ கணக்குக்குத்தான் போக வேண்டும். 2007-ல் வந்த துபாயின் 8-ஆம் சட்டம் அதைச் சொல்கிறது. கட்டடம் உயர உயரத்தான் அந்தப் பணம் டெவலப்பர் கைக்குப் போகும். அடுத்த ஆண்டே உலக நிதி நெருக்கடி வந்து, விலை பாதியாகச் சரிந்து, பல திட்டங்கள் பாதியில் நின்றபோது இந்த ஏற்பாட்டின் அருமை எல்லோருக்கும் புரிந்தது. எனக்குத் தெரிந்த ஒருவர் புக்கிங் தொகையை ஏஜென்ட் சொன்ன வேறொரு கணக்குக்கு அனுப்பினார். அதைத் திரும்ப வாங்க ஒன்றரை வருடம் ஆனது, அதுவும் முழுதாக வரவில்லை. துபாய் நிலத்துறையின் 'துபாய் ரெஸ்ட்' செயலியில் திட்டம் பதிவாகியிருக்கிறதா, எத்தனை சதவீதம் முடிந்திருக்கிறது என்று நீங்களே பார்க்கலாம். பணம் கட்டிய பின் 'ஓகூத்' என்னும் இடைக்காலப் பதிவு உங்கள் பெயரில் ஆகிவிட்டதா என்றும் பாருங்கள். அது இல்லாமல் உங்களிடம் இருப்பது வெறும் ரசீதுதான்.

இன்னொன்று, வெளிநாட்டவர் எங்கே வேண்டுமானாலும் வாங்கிவிட முடியாது. அரசு குறித்துக் கொடுத்த ஃப்ரீஹோல்ட் பகுதிகளில்தான் நமக்கு முழு உரிமை. கராமாவிலும் பர்துபாயிலும் இருபது வருடம் வாடகைக்கு இருந்தவர் அங்கேயே வாங்க நினைப்பது இயல்பு, ஆனால் அந்தப் பழைய பகுதிகள் பெரும்பாலும் இந்தப் பட்டியலில் இல்லை. மெரினா, பிசினஸ் பே, ஜுமேரா வில்லேஜ் சர்க்கிள், இன்டர்நேஷனல் சிட்டி போன்றவை உண்டு.

விலைக்கு வருவோம். 10 லட்சம் திர்ஹாமுக்கு ஒரு ரெடி பிளாட் என்றால் பதிவுக் கட்டணம் 4 சதவீதம், அதாவது 40,000. புரோக்கருக்கு வழக்கமாக 2 சதவீதம், அதன்மேல் வாட் வரி. பதிவு நடக்கும் டிரஸ்டி அலுவலகத்துக்கு 4,000, அதற்கும் வரி. ஆக 65,000 திர்ஹாமுக்கு மேல் தனியாகக் கையில் இருக்க வேண்டும். அப்புறம் சர்வீஸ் சார்ஜ். வீடு பூட்டிக் கிடந்தாலும் ஒவ்வோர் ஆண்டும் கட்டியாக வேண்டிய பணம் இது. சதுர அடிக்கு 15 திர்ஹாம் என்று வைத்துக்கொண்டால்கூட 800 சதுர அடிக்கு ஆண்டுக்கு 12,000. பால்கனியும் அந்தச் சதுர அடியில் சேரும். "8 சதவீத வாடகை வருமானம்" என்று சொல்பவர்கள் இதைக் கழிக்காமல்தான் சொல்வார்கள். எந்தக் கட்டடத்தில் எவ்வளவு என்பதை நிலத்துறையே வெளியிடுகிறது, வாங்கும் முன் பாருங்கள்.

"வீடு முடிவதற்குள் விற்றுவிடலாம்" என்ற நம்பிக்கையில் தவணையைத் தொடங்குவது எனக்கு மிகவும் கவலை தரும் தவறு. பல டெவலப்பர்கள் 30, 40 சதவீதம் கட்டிய பிறகுதான் மறுவிற்பனைக்கு என்.ஓ.சி., அதாவது தடையில்லாச் சான்று, தருகிறார்கள். நடுவில் தவணை நின்றால், நிலத்துறை வழியாக 30 நாள் நோட்டீஸ் வரும். கட்டடம் 60 சதவீதம் எட்டாத நிலையிலேயே ஒப்பந்த விலையில் 25 சதவீதம் வரை டெவலப்பர் வைத்துக்கொள்ளலாம். 60 தாண்டிவிட்டால் 40 சதவீதம் வரை. கட்டிய பணத்தில் அல்ல, மொத்த விலையில். 20 சதவீதம் கட்டிவிட்டுத் தடுமாறுகிறவருக்குத் திரும்ப ஒன்றும் வராமல் போகலாம்.

இந்தியாவில் வசிப்பவர்களுக்கு இன்னொரு சட்டமும் இருக்கிறது. ஸ்டாலில் அதைப் பற்றி யாரும் வாய் திறப்பதில்லை. ரிசர்வ் வங்கி விதிப்படி ஒருவர் ஒரு நிதியாண்டில் 2,50,000 டாலர்தான் வெளியே அனுப்பலாம். அது சுமார் 9,18,000 திர்ஹாம். மேலே சொன்ன 10 லட்சம் திர்ஹாம் வீட்டை ஒருவர் பெயரில் ஒரே வருடத்தில் வாங்க முடியாது. கணவன், மனைவி இருவரும் பங்குதாரராகி இருவர் வரம்பையும் சேர்த்துக்கொள்ளலாம். ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போகும் தொகையில் வங்கி 20 சதவீதம் டி.சி.எஸ். என்னும் முன்கூட்டிய வரியைப் பிடிக்கும். வருமான வரியில் அது சரிக்கட்டப்படும், ஆனால் அதுவரை பணம் முடங்கும். இந்த வழியில் சொத்து வாங்க வங்கிகள் கடன் தரக் கூடாது. அங்குள்ள டெவலப்பரிடம் சாவியை வாங்கிக்கொண்டு மூன்று வருடம் தவணை கட்டுவதும் வெளிநாட்டுக் கடனாகப் பார்க்கப்படும் ஆபத்து உண்டு. கையெழுத்துக்கு முன் ஃபெமா என்னும் அந்நியச் செலாவணிச் சட்டம் தெரிந்த ஆடிட்டரிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வீட்டுப் பணத்துக்குக் கிரெடிட் கார்டைத் தேய்க்காதீர்கள்.

வாங்கிய பின் வருமான வரிப் படிவத்தில் வெளிநாட்டுச் சொத்துக்கான 'எஃப்.ஏ.' பகுதியில் அந்த வீட்டைக் காட்ட வேண்டும், வாடகையையும் வருமானமாகக் காட்ட வேண்டும். துபாயில் வரி இல்லை என்பதால் இங்கேயும் இல்லை என்று ஆகிவிடாது. காட்டாமல் விட்டால் 2015-ன் கறுப்புப் பணச் சட்டத்தில் 10 லட்சம் ரூபாய் அபராதம். துபாயிலேயே வேலை பார்த்து என்.ஆர்.ஐ.யாக இருப்பவருக்கு இந்தத் தொல்லை இல்லை. ஆனால் ஊர் திரும்பி, வரிக் கணக்கில் இங்கே முழுமையாக வசிப்பவராக ஆன வருடத்திலிருந்து தொடங்கிவிடும். பலர் மறப்பது அங்கேதான்.

திர்ஹாம் 1997 முதல் டாலருக்கு 3.6725 என்று கட்டிவைக்கப்பட்டிருக்கிறது. ரூபாய் அப்படி இல்லை. நான்கு வருடத் தவணையை இன்றைய மாற்று விலையில் கணக்குப் போட்டால் கடைசித் தவணைகள் கடிக்கும்.

குடியிருப்பவரோடு சேர்த்து விற்கப்படும் வீட்டை வாங்கினால் உடனே குடிபோகலாம் என்று நினைக்காதீர்கள். நோட்டரி வழியாகவோ பதிவுத் தபாலிலோ 12 மாத நோட்டீஸ் கொடுக்க வேண்டும், அதுவும் ஒப்பந்தக் காலம் முடிந்த பிறகுதான் அவர் காலி செய்ய வேண்டும். புதிய வீடு என்றால் சாவி வாங்கும் முன் ஆள் வைத்துச் சுவர், குழாய், ஏ.சி. எல்லாம் பார்த்துவிடுங்கள். மின், குழாய் வேலைகளுக்கு ஓராண்டும், கட்டமைப்புக்குப் பத்தாண்டும் டெவலப்பர் பொறுப்பு.

கடைசியாக உயில். இங்கே எழுதிய உயில் போதும் என்று பெரும்பாலோர் விட்டுவிடுகிறார்கள். அங்கே 2023 பிப்ரவரி முதல் நடைமுறையில் உள்ள சட்டப்படி, முஸ்லிம் அல்லாதவர் உயில் இல்லாமல் இறந்தால் பாதி துணைக்கும், மீதி பிள்ளைகளுக்குச் சமமாகவும் போகலாம். அம்மாவுக்கு ஒரு பங்கு தர நினைத்தவரின் விருப்பம் அதில் இடம்பெறாது. துபாயின் நிதி மையமான டி.ஐ.எஃப்.சி.யின் உயில் பதிவு மையம் 2015-லிருந்து இயங்குகிறது. பதிவுக் கட்டணக் கணக்கைப் போடும்போதே அதற்கும் ஒரு தொகையை ஒதுக்கிவிடுங்கள்.