கைக்குழந்தையைக் குப்புறப் படுக்கவைப்பதில் நேரும் தவறுகள்

“கழுத்து நிற்காத பிள்ளையைக் குப்புறப் போடாதே” என்று பாட்டி தடுப்பதும், மருத்துவர் சொன்னார் என்று தாய் வாதாடுவதும் சென்னை வீடுகள் பலவற்றில் நடப்பதுதான். அதே பாட்டி மணையில் அமர்ந்து, நீட்டிய கால்களின்மேல் குழந்தையைக் குப்புறக் கிடத்தி முதுகுக்கு வெந்நீர் ஊற்றுகையில், குழந்தை தலையைத் தூக்க முயல்வதை யாரும் பயிற்சி என்று நினைப்பதில்லை.

கழுத்து நிற்கட்டும் என்று காத்திருப்பதுதான் முதல் தவறு. கழுத்து, தோள், முதுகுத் தசைகள் வலுப்பெறுவதே அப்படிக் கிடந்து தலையைத் தூக்கிப் பழகுவதால்தான். நிறைமாதத்தில் நலமாகப் பிறந்த குழந்தையை, வீட்டுக்கு வந்த நாள் முதலே, சாய்ந்து அமர்ந்த தாய் அல்லது தந்தையின் மார்பின்மேல் கிடத்தலாம். தொடக்கத்தில் நாளுக்கு இரண்டு மூன்று முறை, முறைக்கு மூன்று முதல் ஐந்து நிமிடம் போதும்; பிறகு மெல்ல மெல்லக் கூட்டலாம். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டுதல், இன்னும் தவழாத குழந்தைக்கு நாள் முழுவதுமாகக் குறைந்தது 30 நிமிடம் வேண்டும் என்கிறது. இதைக் கணக்குத் தீர்ப்பதுபோல ஒரே மூச்சில் முடிக்க முயன்று, வீறிட்டு அழும் குழந்தையை அப்படியே விட்டுவைத்தால், மறுநாள் பாயைக் கண்டாலே அது சிணுங்கும். பால் குடித்த உடனே கிடத்தினால் கக்கிவிடும் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

உயிருக்கே ஆபத்தான தவறு வேறொன்று உண்டு. குப்புறக் கிடப்பது விழித்திருக்கும்போது, பெரியவர் ஒருவரின் கண்பார்வையில் மட்டுமே. அப்படியே கண்ணயர்ந்துவிட்டால் உடனே மல்லாக்கத் திருப்பிவிட வேண்டும். 1990களில் மல்லாக்கத் தூங்கவைக்கும்படி பல நாடுகள் பெற்றோரிடம் வலியுறுத்திய பின்னரே, தூக்கத்தில் நேரும் திடீர்ச் சிசு மரணங்கள் வெகுவாகக் குறைந்தன. முகம் புதையக்கூடிய இலவம்பஞ்சு மெத்தையும் தலையணையும் குப்புறக் கிடத்துவதற்கு ஆகா. தரையில் பாய் விரித்து, மேலே பருத்தித் துணியைச் சுருக்கமின்றிப் பரப்பினால் போதும். மே மாதத்தில் மாடிவீட்டுக்காரர்கள் காலை வேளையைத் தேர்ந்தெடுப்பது நல்லது.

நாளெல்லாம் தூளியிலோ சாய்வு நாற்காலியிலோ கிடக்கும் குழந்தைக்கு உடலை அசைத்துப் பழக இடமில்லை. வாக்கரை நான் அறவே வேண்டாம் என்பேன்: அது நடையை விரைவுபடுத்துவதில்லை, விபத்துகளையே தருகிறது. கனடா 2004இல் அதன் விற்பனையைத் தடைசெய்தது. நம் கடைகளிலோ இன்றும் பரிசுப்பொருளாக விற்கிறது.

பிள்ளைத்தமிழின் செங்கீரைப் பருவம், கையூன்றித் தலை நிமிர்த்தி ஆடும் குழந்தையை ஐந்தாம் மாதத்தில் காட்டுகிறது. அதற்காகப் பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு மாதக் கணக்கை ஒப்பிட்டுக் கலங்க வேண்டியதில்லை. சில குழந்தைகள் தவழாமலே நடக்கின்றன, குறைமாதக் குழந்தைக்கோ எதிர்பார்த்த பிரசவத் தேதியிலிருந்தே மாதங்களை எண்ண வேண்டும். ஆனால் நான்கு மாதம் நிறைந்தும் தலை நிலையாக நிற்காவிட்டாலும், எப்போதும் ஒரே பக்கமாகவே தலை திரும்பினாலும், உடல் விறைப்பாகவோ துவண்டோ இருந்தாலும், “போகப் போகச் சரியாகிவிடும்” என்று நாளைக் கடத்தாமல், அடுத்த தடுப்பூசித் தேதிவரைகூடக் காத்திராமல், குழந்தைநல மருத்துவரிடம் காட்டிவிட வேண்டும்.