டென்னிஸ் எந்தச் சேனலில? ரீலோட் போட முதல் பாருங்கோ

கிளிநொச்சி, முல்லைத்தீவுப் பக்கம் டிஷ் வச்சு டென்னிஸ் பாக்கிற ஆக்களுக்கு இது. டென்னிஸில பெரிய போட்டி நாலு, அதுகளைத்தான் கிராண்ட்ஸ்லாம் எண்டு சொல்லுறது. அந்த நாலையும் நடத்திறது நாலு வேற வேற அமைப்பு. ஒளிபரப்பு உரிமையையும் தனித்தனியாத்தான் விக்கினம். ஜனவரியில ஆஸ்திரேலிய ஓப்பனைக் காட்டின சேனல் ஜூலையில விம்பிள்டனையும் காட்டும் எண்டு நம்பி மாசக்கணக்கில காசு கட்டாதேங்கோ. உங்கட பக்கேஜில அந்தச் சேனல் இருக்கோ எண்டு முதல்லயே கேளுங்கோ. போட்டி ரெண்டு கிழமை அளவுதான், அதுக்கு மட்டும் போட்டாக் காணும்.

நேரம்தான் பெரிய தலையிடி. டிவி அட்டவணையை விட, போட்டியின்ர சொந்த இணையத்தளத்தில முதல் நாளே வாற ஆட்ட ஒழுங்கை நம்பலாம். ஆர், எந்தக் கோர்ட்டில, எத்தினையாவது ஆட்டம் எண்டு அதில இருக்கும். முன்னுக்கு உள்ள ஆட்டம் அஞ்சு செட் இழுத்தால் உங்கட ஆட்டமும் பிந்தும், டிவியை உடன நிப்பாட்டிப் போடாதேங்கோ.

விம்பிள்டனின்ர முக்கிய கோர்ட்டான சென்டர் கோர்ட்டில ஆட்டம் எங்களுக்குப் பின்னேரம் 6 மணிக்குத் தொடங்கும். அமெரிக்க ஓப்பன் இரவு ஆட்டம் விடிய 4.30க்கு. இந்திய நேரமும் எங்கட நேரமும் ஒண்டுதான், இந்தியச் சேனல் சொல்லுற நேரத்தை அப்பிடியே எடுக்கலாம்.